முகம் நடுங்குவதைத் தடுக்கும் துணைக்குழு

ஒருவர் தம் உடம்பிலிருந்து ஒரு சிறுநீரகத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க மூன்று தரப்பு சம்மதிக்க வேண்டும். கொடுப்பவர், வாங்குபவர், அப்புறம் உறுப்பு தான ஒப்புதல் குழு. முதல் இருவரும் சம்மதிக்கச் சில நிமிடங்கள் போதும். மூன்றாவது தரப்பு சம்மதிப்பதற்குள் முதல் இருவரில் ஒருவர் இல்லாமல் போய்விடுவதும் உண்டு. அப்போது கோப்பின் மேல் ‘மனு தானாகவே முடிவுற்றது’ என்று எழுதி நாடாவால் கட்டிவிடுவார்கள். ஆண்டறிக்கையில் அதுவும் வெற்றிகரமாக முடிக்கப்பட்ட மனுக்களோடு சேர்ந்துகொள்ளும்.

அந்தக் குழுவின் விசாரணை அறையில்தான் வீடியோக்காரருக்குத் தற்காலிக வேலை. இருபத்திரண்டு வருஷம் கல்யாண வீடுகளில் படம் பிடித்த மனிதர். எல்லோர் கையிலும் கேமரா வைத்த போன் வந்த பிறகு கல்யாண வீடுகள் அவரை மறந்தன. ஆனால் அரசாங்கம் நினைவில் வைத்திருந்தது. கொடையாளர் மிரட்டலுக்குப் பயந்து வரவில்லை, மனசாரத்தான் வந்திருக்கிறார் என்பதற்கு வீடியோப் பதிவு வேண்டும் என்று சட்டம் சொல்லியிருந்தது. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கிடையாது. ‘வீடியோ’ என்று கூப்பிடுவார்கள். கேமராவையும் ‘வீடியோ’ என்றே சொன்னதால், “வீடியோவை மூடி வைங்கப்பா” என்று குழுத் தலைவர் சொல்லும்போது இவர் ஒரு கணம் வாயை மூடிக்கொள்வார்.

கேமரா புதுசு. அதன் வரலாறு சொல்ல வேண்டியது. பழைய கேமராவில் யாரோ வருஷத்தைத் தப்பாக வைத்துவிட, ஒரு கொடையாளர் தாம் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சம்மதம் தெரிவித்ததாகப் பதிவாகிவிட்டது. விசாரணை நடந்தது. இனி யாரும் எதையும் மாற்ற முடியாதபடி கேமராவுக்கு முத்திரை வைப்பது என்று முடிவாயிற்று. புதுக் கேமரா வந்த அன்று, பெட்டியிலிருந்து எடுத்த கையோடு, ஒருவரும் அதை ஒரு தடவைகூட இயக்கிப் பார்க்கும் முன்பே, அமைப்புகளை மாற்றும் பொத்தானின் மேலும் பதிவை அழிக்கும் பொத்தானின் மேலும் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, தலைவர் தம் கையாலேயே முத்திரை குத்தினார். அதை உடைக்க வேண்டுமென்றால் தலைமையகத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து சாட்சியாக நிற்க வேண்டும். பதிவு ஓடும்போது எரியும் சிவப்புப் பொட்டை மனுதாரர்கள் முறைத்துப் பார்க்கிறார்கள் என்று அதன் மேலும் கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டது.

அந்தக் கேமராவின் முன்னால் முதலில் வந்து உட்கார்ந்தவள் ஒரு தையல்காரப் பெண். நாற்பது வயது. கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள். அவளுடைய தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அக்காவின் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும் என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கு அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி குறித்திருந்தார்கள்.

“இதுக்கு மேல தள்ளினா அவன் உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு அண்ணா,” என்று அவள் வீடியோக்காரரிடம் வாசலிலேயே சொன்னாள். வேறு யாரும் கேட்காததால் அவரிடம் சொன்னாள்.

“கடவுள் இருக்காரும்மா. அஞ்சு நிமிஷ வேலை. கேட்கற கேள்விக்கு மனசுல இருக்கறதச் சொல்லு, போதும்,” என்றார் அவர்.

கேமராவை இயக்கியவர் குனிந்து உற்றுப் பார்த்தார். சின்னத் திரையில் அவள் முகத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் கீழிருந்து மேலாக நகர்ந்துகொண்டிருந்தன. முகம் ஒளிர்வதும் மங்குவதுமாக நடுங்கியது.

கல்யாண மண்டபத்து விளக்குகளுக்கு அடியில் பாதி ஆயுளைக் கழித்தவருக்கு இது தெரியாதா? குழல் விளக்கு நிற்காமல் எரிவதாக நம் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் அது நொடிக்கு நூறு தடவை கூடிக் கூடிக் குறைகிறது. கண் ஏமாறும், கேமரா ஏமாறாது. மின்சாரத்தின் தாளமும் கேமராவின் தாளமும் ஒத்துப்போக வேண்டும். நம் மின்சாரத்துக்கு நொடிக்கு ஐம்பது அலை, ஒவ்வோர் அலைக்கும் விளக்கு இரண்டு தடவை மங்கும். இந்தக் கேமராவோ வேறு ஏதோ நாட்டுக்குப் போக வேண்டியது போலிருக்கிறது, தொழிற்சாலையிலேயே அறுபதில் வைத்திருந்தார்கள். அமைப்புகளின் மூன்றாவது பக்கத்தில் இரண்டாவது வரி. அறுபதை ஐம்பதாக்க ஒரு அழுத்து. அந்த அழுத்து அரக்குக்கு அடியில் இருந்தது.

“சார், ஒரு சின்ன விஷயம்…” என்று ஆரம்பித்தார்.

“பதிவு ஓடுதா?” என்றார் தலைவர்.

“ஓடுது சார், ஆனா…”

“ஓடினா போதும். ஆரம்பிச்ச பதிவை நான் ‘பதிவு முடிந்தது’ன்னு சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. நடுவுல பேசக் கூடாது. விதி பன்னிரண்டு.”

ஆகவே அவர் பேசவில்லை.

மறுநாள் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். குழுவில் ஒரு முகபாவ நிபுணர் உண்டு. மனிதர் மனத்தை முகத்தில் படிப்பவர். அதற்காகவே நியமிக்கப்பட்டவர் என்பதால் முகத்தில் எதையாவது படித்தே ஆக வேண்டிய நிலையிலும் இருந்தார். அவர் மூன்று பக்கம் எழுதினார். ‘என் சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று மனுதாரர் சொல்லும்போது அவர் முகத்தில் ஓர் இருள் ஏறுகிறது. ‘யாரும் கட்டாயப்படுத்தவில்லை’ என்னும்போது இரண்டு இருள்கள் ஏறுகின்றன. முகம் தொடர்ந்து நடுங்குகிறது. இது அச்சத்தின் அறிகுறி.

“சார், அது விளக்கு சார்,” என்றார் வீடியோக்காரர்.

நிபுணர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “விளக்கு மேல இருக்குப்பா. இருள் கீழேருந்து வருது. மனசு எங்க இருக்கு? கீழதானே?”

இரண்டாவது விசாரணை ஒரு வாரம் கழித்து. தையல்காரப் பெண்ணை நடுங்காமல் உட்காரச் சொன்னார்கள். அவள் நடுங்கவில்லை. ஆனாலும் பாதுகாப்புக்காகக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து முகவாயைத் தாங்கும் ஒரு கருவியை இரவல் வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தார்கள். தாடையை அதில் வைத்து, நெற்றியைப் பட்டையில் முட்டிக்கொண்டு, அசையாமல், “என் சொந்த விருப்பத்தின் பேரில்” என்று பற்களுக்கு நடுவே சொன்னாள். பார்ப்பதற்கு அவளை யாரோ கட்டிப்போட்டுச் சொல்லவைத்தது போலவே இருந்தது. பட்டைகள் தம்பாட்டுக்கு ஊர்ந்தன.

நிபுணர் இந்த முறை ஐந்து பக்கம் எழுதினார். உடலை அசையாமல் நிறுத்திய பிறகும் முகத்தில் இருள் அசைகிறது என்றால், அச்சம் முன்பு நினைத்ததைவிட ஆழமானது.

அன்று விசாரணை முடிந்ததும் அவள் கைகழுவும் தொட்டியருகே நின்று முகம் கழுவினாள். நெற்றியில் பட்டையின் தடம் சிவந்திருந்தது. கட்டடத்தைப் பெருக்கும் அக்கா தன் முந்தானையை நீட்டி, “துடைச்சுக்கோம்மா, காலையில துவைச்சதுதான்,” என்றாள். அவளுக்கு ஒரு துடைப்ப அறை உண்டு. துடைப்பங்கள், வாளிகள், இந்தத் தளத்து மின்சாரத்தின் மெயின் பெட்டி, அதற்கடியில் இடமில்லாமல் ஒண்டிக்கொண்ட கேமராவின் முக்காலி, எல்லாம் அங்கேதான். முக்காலியை எடுக்கவும் வைக்கவும் போய் வந்ததில் வீடியோக்காரருக்கு அந்த அலுவலகத்தில் கிடைத்த ஒரே சிநேகம் அவள்தான்.

“என் முகத்துல என்னண்ணா தப்பு?” என்றாள் தையல்காரப் பெண். “கண்ணாடியில பார்த்தா நல்லாத்தானே இருக்கு?”

“உன் முகத்துல ஒண்ணுமில்லம்மா. விளக்கு மினுக்குது. கேமரா அதைப் பிடிச்சு உன் தலையில கட்டுது.”

“விளக்கு நல்லாத்தானே தம்பி எரியுது?” என்றாள் பெருக்கும் அக்கா.

“நமக்குத் தெரியாதுக்கா. அதுக்குத் தெரியும்.”

“அப்ப சூரியனும் மினுக்குமா?”

“சூரியன் மினுக்காது.”

“ம்,” என்று சொல்லிவிட்டு அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

விசாரணை அறையில் பெரிய ஜன்னல் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதற்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் வெள்ளைச் சுவர் வெயிலில் பளீரென்று நிற்கும். ஆனால் விசாரணையின் இரகசியம் கருதிக் கனமான பச்சைத் திரை எப்போதும் மூடியிருந்தது. சுவர் எதையாவது பார்த்துவிடக் கூடாதல்லவா?

வீடியோக்காரர் அன்று வீட்டுக்குப் போய் ஒரு மனு எழுதினார். முத்திரையை உடைத்து ஒரு எண்ணை மாற்ற அனுமதி வேண்டும். மனைவி வாசித்துப் பார்த்துவிட்டு, “ஒரு பொத்தானை அமுக்கறதுக்கு ரெண்டு பக்கமா? என்னங்க, நீங்களும் அவங்க மாதிரியே ஆயிட்டீங்க,” என்றாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கொடுத்தார்.

மனுவைப் படித்த தலைவர் கலவரமடைந்தார். ஒரு தற்காலிக ஊழியர் முத்திரையை உடைக்கச் சொல்கிறார்! ஆனால் மனு என்று ஒன்று வந்துவிட்டால் ஏதாவது செய்துதான் ஆக வேண்டும். எனவே ‘முகம் நடுங்குவதைத் தடுக்கும் துணைக்குழு’ அமைக்கப்பட்டது. தலைவரும் முகபாவ நிபுணரும் அதன் உறுப்பினர்கள். குழுவிலும் அவர்களே இருந்ததால் துணைக்குழு குழுவுக்கு எழுதும் கடிதங்களை மேசைக்கு இந்தப் பக்கம் எழுதி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பெற்றுக்கொண்டார்கள்.

துணைக்குழு முதலில் பன்னிரண்டு குழல் விளக்குகளையும் கழற்றிவிட்டு அதே மாதிரி பன்னிரண்டு புது விளக்குகளை மாட்டியது. பட்டைகள் இன்னும் தெளிவாக விழுந்தன. பிறகு மின்வாரியத்துக்கு எழுதிக் கேட்டது: ‘தாங்கள் வழங்கும் மின்சாரத்தில் நடுக்கம் உண்டா?’ மின்வாரியம் உண்மையை எழுதிவிட்டது. ‘வெளிச்சம் நொடிக்கு நூறு தடவை ஏறி இறங்கும். அது இயல்பே.’

இந்தக் கடிதம் துணைக்குழுவின் முன் வாசிக்கப்பட்டது.

“நூறு தடவையா?” என்றார் தலைவர். “என் அறையிலயா? யாரு அனுமதி குடுத்தா?”

நிபுணர் தாளில் எதையோ எழுதிப் பார்த்தார். “சரிபாதின்னு வச்சுக்கிட்டா, சார், ஒரு மணி நேரக் கூட்டத்துல அரை மணி நேரம் நாம இருட்டுலதான் உட்கார்ந்திருந்திருக்கோம்.”

“அப்ப இதுக்கு முன்னால நான் போட்ட கையெழுத்து?”

“எது வெளிச்சத்துல விழுந்துது, எது இருட்டுல விழுந்துதுன்னு இப்ப பிரிக்க முடியாது சார்.”

‘போதுமான விளக்கொளியில் மட்டுமே விசாரணை நடைபெற வேண்டும்’ என்பது விதி. ஆகவே முன்பு ஒப்புதல் பெற்ற நாற்பத்தொரு பேருக்கும் அறிவிப்பு போயிற்று. தங்கள் ஒப்புதல் இருட்டில் வழங்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால், கொடுத்தவரும் பெற்றவரும், பெற்ற உறுப்போடு, மறு விசாரணைக்கு வர வேண்டும். ஒரு பெரியவர் தமக்குள் நான்கு வருஷமாக நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் சிறுநீரகத்தோடு மூன்று பஸ் மாறி வந்து, நாள் முழுக்க உட்கார்ந்திருந்து, “வேணும்னா பார்த்துக்கங்க சார், ஆனா திருப்பிக் கேட்காதீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அறையில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. தலைவர் தம் வீட்டில் பேரக்குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்கிறவர்தான். ஆனால் காலை பத்து மணிக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் உடம்பிலிருந்து ஏதோ ஒன்று வெளியே எடுக்கப்பட்டுவிடும். அதற்கு யாருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை.

மூன்றாவது விசாரணை பதினாறாம் தேதி. அறுவை சிகிச்சைக்கு இரண்டு நாள். தையல்காரப் பெண் காலையிலிருந்து காத்திருந்தாள். தம்பி போனில் அழைத்து, “அக்கா, போதும்க்கா, வந்துரு, எனக்காக அவங்க கால்ல விழாத,” என்றானாம். அதை வீடியோக்காரரிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

மூன்று மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். கேமரா ஓடத் தொடங்கியது. பட்டைகள் ஊர்ந்தன. தலைவர் தொண்டையைக் கனைத்து, “மனுதாரர் தம் சொந்த விருப்பத்தின் பேரில்தான்…” என்று ஆரம்பித்தார்.

பொட்டென்று பன்னிரண்டு விளக்குகளும் அணைந்தன. மின்விசிறி முனகிக்கொண்டே நின்றது.

“போச்சுடா,” என்றார் தலைவர். “கரண்டு இல்லேன்னா கூட்டம் இல்ல. அப்படியே உட்காருங்க, வரட்டும்.”

வீடியோக்காரர் அசையவில்லை. கேமரா பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் ‘பதிவு முடிந்தது’ என்று சொல்லவில்லை. விதி பன்னிரண்டு. மேல்மாடியில் அச்சு இயந்திரம் கடகடவென்று ஓடும் சத்தம் கேட்டது. அது ஏன் நிற்கவில்லை என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

பெருக்கும் அக்கா ஒரு டம்ளர் தண்ணீரோடு உள்ளே வந்தாள். “இருட்டுல இந்தப் பொண்ணு பயந்துக்கப் போகுது,” என்று சொல்லிக்கொண்டே, யாரையும் கேட்காமல் பச்சைத் திரையை ஓரத்துக்கு இழுத்துவிட்டாள்.

வெள்ளைச் சுவரில் பட்ட வெயில் பால்போல அறைக்குள் வந்தது. வீடியோக்காரர் சின்னத் திரையைப் பார்த்தார். பட்டைகளே இல்லை. ஒரு களைத்த பெண்ணின் முகம், உள்ளது உள்ளபடி.

“ஏம்மா,” என்றாள் பெருக்கும் அக்கா, தண்ணீரைக் கொடுத்தபடி. “மனசாரத்தான் குடுக்கறியா?”

மூன்று விசாரணைகளில் அந்தக் கேள்வியை ஒரு மனுஷர் கேட்பதுபோல யாரும் அவளிடம் கேட்டதில்லை.

“அவன் பொறக்கறப்ப எனக்குப் பத்து வயசுக்கா. அம்மா வேலைக்குப் போயிடும். நாள் பூரா என் இடுப்புலதான் இருப்பான். இதோ, இந்த இடது பக்கம். இறக்கி விட்டா கத்துவான். இப்ப டாக்டர் அந்தப் பக்கத்துலேருந்துதான் எடுக்கப் போறாராம். எடுத்துக்கட்டுமே. அவன் உட்கார்ந்த இடம்தானே அது?”

பெருக்கும் அக்கா அவள் தலையைத் தடவினாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் தலைவரும் நிபுணரும் குரலைத் தாழ்த்தாமலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். கரண்டு இல்லாத நேரத்தில் மனுதாரர்களுக்குக் காதும் இல்லை என்று நினைத்தார்களோ என்னவோ.

“நல்ல பொண்ணுதான் சார்,” என்றார் நிபுணர், நகத்தைப் பார்த்துக்கொண்டே. “அந்தக் கறுப்புக் கோடு விளக்காலதான் வருதுன்னு எனக்கும் முதல் நாளே தெரியும். ஆனா மூணு பக்கம் எழுதிட்டேனே. வெறும் விளக்குன்னு எழுதினா, அப்புறம் நான் எதுக்கு?”

“எனக்கு மட்டும் தெரியாதா?” என்றார் தலைவர். “ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கங்க. சரின்னு கையெழுத்துப் போட்டா அது என் தலைமேல நிக்கும். பத்து வருஷம் கழிச்சும் ஏன் போட்டேன்னு கேட்பான். வேண்டாம்னு எழுதிட்டா ஒருத்தனும் கேட்கறதில்ல. செத்துப்போனவன் மேல்முறையீடு செய்யறதில்லையே. இன்னும் ரெண்டு வாரம் இழுத்தா தானா முடிஞ்சிரும்.”

தையல்காரப் பெண் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் இருந்ததை எந்த நிபுணரும் படிக்கத் தேவையிருக்கவில்லை.

பெருக்கும் அக்கா வெளியே போனாள். சிறிது நேரத்தில் விளக்குகள் எரிந்தன.

“ஆங், வந்துருச்சு. திரையை மூடுங்க. வீடியோ, பதிவை எங்க விட்டோம்?” என்றார் தலைவர்.

“விடவே இல்ல சார்.”

“என்னது?”

“நீங்க ‘பதிவு முடிந்தது’ன்னு சொல்லல சார். அது பேட்டரியில ஓடிட்டுதான் இருக்கு. இப்பவும் ஓடுது.”

வீடியோக்காரர் மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. விதியைச் சரியாகப் பின்பற்றிய ஒரு தற்காலிக ஊழியரின் பணிவோடுதான் சொன்னார். தலைவர் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். “பதிவு முடிந்தது!” என்று கத்தினார். கத்தியதும் பதிவாயிற்று.

“அழி. அந்தக் கடைசித் துண்டை மட்டும் அழிச்சிரு.”

“முடியாது சார். அழிக்கற பொத்தான் மேல உங்க முத்திரை இருக்கு.”

எல்லோரும் அந்தச் சிவப்பு அரக்கைப் பார்த்தார்கள். மாசு மருவற்ற முத்திரை. தலைமையகத்திலிருந்து ஒருவர் வந்து நின்றால்தான் உடைக்க முடியும். வருகிறவர் ஏன் உடைக்கிறீர்கள் என்று கேட்பார். அப்புறம் பதிவைப் பார்ப்பார்.

“மனுவை மறுத்தா?” என்றார் தலைவர் மெல்ல.

“மறுத்த மனுவோட பதிவு அன்னிக்கே தலைமையகம் போயிரணும் சார்,” என்றார் நிபுணர். அவர் குரல் நடுங்கியது. “விதி பத்தொன்பது. ஒத்திவச்சாலும் போகணும்.”

“ஒப்புதல் குடுத்தா?”

“அலமாரிக்குப் போகும் சார். அலமாரியை யாரும் இதுவரைக்கும் திறந்ததில்ல.”

தலைவர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு சிறிய உரையும் ஆற்றினார். எவ்வளவோ தொழில்நுட்பக் குறைபாடுகளுக்கு நடுவிலும் இந்தக் குழு மனித உயிரையே முதன்மையாகக் கருதி வந்திருக்கிறது என்றார். துணைக்குழுவின் அயராத உழைப்பால் முகம் நடுங்குவது முற்றிலும் தடுக்கப்பட்டுவிட்டது என்றார். நிபுணர் கைதட்டினார். கேமரா இப்போது ஓடவில்லை என்பதை அவர்கள் இரண்டு தடவை உறுதிசெய்துகொண்டிருந்தார்கள்.

தாளை வாங்கிக்கொண்ட தையல்காரப் பெண் வாசலில் வீடியோக்காரரிடம் நின்றாள். “அண்ணா, இந்தத் தடவை என் முகம் எப்படி விழுந்துது?”

“ஆடவே இல்லம்மா,” என்றார். “ஓடு, தம்பி காத்திருப்பான்.”

பதினெட்டாம் தேதி அறுவை சிகிச்சை நடந்தது. அவள் இடது விலாவில் தையலோடு படுத்துக்கொண்டு, டாக்டர் போட்ட தையல் கோணலாக இருக்கிறது என்று குறை சொன்னாளாம்.

அலுவலகத்தில் அந்த மின்தடைக்கு விளக்கம் கேட்டு மின்வாரியத்துக்குக் கடிதம் போயிற்று. ‘பதினாறாம் தேதி பிற்பகல் தங்கள் தெருவில் மின்தடை எதுவும் ஏற்படவில்லை’ என்று பதில் வந்தது. தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மின்தடை நிகழவில்லை, எனவே மின்தடையின்போது யாரும் எதுவும் பேசவும் இல்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்திட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

வீடியோக்காரர் அந்தப் பதிலைத் தபால் மேசையில் பார்த்தார். மேல்மாடி அச்சு இயந்திரத்தின் கடகட சத்தம் அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. முக்காலியை எடுக்கப் போகிற சாக்கில் துடைப்ப அறைக்குப் போனார். பெருக்கும் அக்கா தலைகீழாகக் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே மெயின் பெட்டி. அதன் கைப்பிடியில் மட்டும் தூசி இல்லை.

அவர் குனிந்து முக்காலியை வெளியே இழுத்தார்.

“இன்னிக்கு யாரு தம்பி வந்திருக்கறது?” என்றாள் அவள்.

“ஒரு அப்பாக்கா. பொண்ணுக்குக் குடுக்கறாராம். காலையிலேருந்து உட்கார்ந்திருக்காரு.”

“கேமரா?”

“அதே அறுபதுதான்.”

அவள் மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள். கையை முந்தானையில் துடைத்தாள்.

“சரி, முக்காலியை எடுத்துட்டுப் போ,” என்றாள். “கேள்வி கேட்க ஆரம்பிச்சதும் கொஞ்சம் பலமா இருமு.”